சான்றிதழோடு அதிகாரமும் வேண்டும்
(திருவனந்தபுரத்தில் பெயிண்டிங் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டு உபயோக பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற ஒன்றிய அரசின் விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது புதிய டப்பாவுக்கான விதி. கோட்டைப் பகுதியின் பழைய கதவு, சன்னல்களில் படிந்த பூச்சில் ஈயம் இருந்தால், அதைச் சுரண்டுபவருக்கு என்ன காப்பு?

உலர்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்ப்பவர் அத்தூசியைச் சுவாசிக்கிறார். சட்டையில் ஒட்டியது வீட்டுக் குழந்தையையும் சென்றடைகிறது. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் கூலிக்கு இவ்வேலை செய்ய, பயிற்சியும் சான்றும் பெற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். நம்மிடம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஈய நச்சை அறிவிக்கத்தக்க நோயாகப் பட்டியலிட்டது. ஆனால், சாரத்தில் நிற்பவருக்குத் தொழிற்சாலை எது?

பூச்சைச் சோதித்தல், நனைத்துச் சுரண்டுதல், நெருப்பால் எரிக்காதிருத்தல், துகளைக் கட்டி அகற்றுதல், கைகழுவி உடை மாற்றச் செய்தல் ஆகியவற்றில் மேஸ்திரிகளுக்குப் பயிற்சி வேண்டும். அது மலையாளத்தில் மட்டுமன்றி, தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் நடக்க வேண்டும். செலவு தொழிலாளியின் கூலியில் விழக் கூடாது.

ஒன்றை மறவாதீர்: ஆபத்தைக் கண்டதும் வேலையை நிறுத்தும் அதிகாரம் மேஸ்திரிக்கு இல்லையெனில், அவர் பெற்ற சான்றிதழ் வெறும் காகிதமே. அந்த அதிகாரத்தைச் சங்கம்தான் போராடிப் பெற வேண்டும்.