ஃபால்ஸ் சீலிங்: அளவு நம்ம கையில் இருக்கட்டும்



நம்ம பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க், 21 மாடிக் கட்டடம். அது மாதிரி பெரிய அலுவலகங்களில் பார்த்துப் பழகிய ஃபால்ஸ் சீலிங் இப்போ நம்ம வீட்டு ஹாலுக்கும் தெருமுனைக் கடைக்கும் வந்தாச்சு. வேலையை ஆள் வச்சுத்தான் செய்யப் போறோம். ஆனா பில் சதுர அடிக் கணக்கில் வரும். அதனால அளவு என்னன்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

முதலில் அறை. நீளம், அகலம் இரண்டையும் ஒரே இடத்தில் அளந்தா போதாது. இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளங்க. சுவருக்குச் சுவர் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் வித்தியாசம் வரலாம். மொபைல் ஆப் அளவு தோராயத்துக்குச் சரி. பொருள் வாங்க டேப்தான் வேணும்.

அடுத்து மட்டம். தரையிலிருந்து எட்டரை அடின்னு நாலு மூலையிலும் அளந்து குறி போடக் கூடாது. தரையே வாட்டமா இருந்தா சீலிங்கும் சாயும். ஒரு மூலையில் குறி வையுங்க. அதைத் தண்ணீர் டியூப் அல்லது லேசர் லெவல் வைத்து மற்ற சுவர்களுக்குக் கொண்டு போகணும். டியூபில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. சுற்றி வந்து, தொடங்கிய குறியிலேயே முடியணும். முடிஞ்ச பிறகுதான் நூல் அடிச்சுக் கோடு போடணும்.

இப்போ கணக்கு. 11 அடிக்கு 13 அடி அறை, பரப்பு 143 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு அடி டைல் ஒன்று 4 சதுர அடி. வகுத்தா 36 டைல் போதும்னு தோணும். ஒரு மூலையிலிருந்து தொடங்கினா அது சரிதான். ஆனா இரண்டு சுவர் ஓரத்தில் மட்டும் பாதி டைல் நிக்கும். அறையின் நடுவைக் குறித்து அங்கிருந்து பிரிச்சா, நாலு ஓரமும் ஒன்றரை அடியா அழகா அமையும். அதுக்கு 6 வரிசைக்கு 7, மொத்தம் 42 டைல் வேணும். வெட்டி மிஞ்சும் அரை அடித் துண்டு எதுக்கும் ஆகாது. 36-ஆ, 42-ஆ? இதை முன்கூட்டியே பேசி முடிவு பண்ணுங்க. கடைசியில் சண்டை வராது.

பாதுகாப்புக்கும் குறி உண்டு. ஃபேனின் எடையை மேல்தளக் கொக்கிதான் தாங்கணும், சீலிங் சட்டம் இல்லை. கொக்கி இருக்கும் இடம், லைட் வரும் இடம், கான்கிரீட்டுக்குள் ஒயர் பைப் போகும் பாதை, மூணையும் துளை போடும் முன்பே குறிச்சுடுங்க. மூடுறதுக்கு முன்னாடி, டேப்பும் தெரியுற மாதிரி மொபைலில் படம் எடுத்து வையுங்க. நாளைக்கு ஒயர் பழுதானா எங்கே திறக்கணும்னு அந்தப் படம் சொல்லும்.

கடைசியா ஒண்ணு. அறை அளவு, டைல் எண்ணிக்கை, சதுர அடி விலை, மூணும் எழுத்தில் இருக்கட்டும். பில்லும் கேட்டு வாங்குங்க. பேசினபடி வேலை நடக்கலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போ உங்க கையில் இருக்கும் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.