சுட்டினால் விரியும் சொல்: விளையாட்டுப் பொருள்களுக்கு விக்கியில் குறிப்பெழுதுதல்



மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்தே இங்கிருந்து புறப்படுகின்றன. படகுத்துறைக்கு வரும் பயணி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இன்று எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்? ஓதம் எவ்வாறு உண்டாகிறது என்னும் நூலை அவர் கையில் அப்போது கொடுப்பதால் பயனில்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு செய்தியே அவருக்கு உதவும். இன்றைய உரையின் பொருளும் அத்தகைய ஒரு சிறு செய்தியைப் பற்றியதே.

இணைய விளையாட்டுகளில் வாள், கேடயம், மருந்து, கல், மரம் எனப் பொருள்கள் பல உள்ளன. ஒரு பொருளின் படத்தின்மீது சுட்டியை வைத்தவுடன் ஒரு சிறு பெட்டி தோன்றி, அதன் பெயரையும் பயனையும் கூறும். ஆங்கில வழக்கில் இதனை டூல்டிப் என்பர். சுட்டும்போது தோன்றுவதால், இவ்வுரையில் இதனைச் சுட்டுக்குறிப்பு என்று அழைப்போம். இத்தகைய குறிப்புகளை, பலர் கூடி எழுதும் விக்கித் தளமொன்றில் தமிழில் சேர்ப்பது எப்படி? அதனை மொழியாசிரியர்கள் ஏன் தம் பணியாகக் கருத வேண்டும்? இவையே நம்முன் உள்ள வினாக்கள்.

இம்முறை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்கு நல்லாரின் விரிவான உரை உண்டு. அதற்கு முற்பட்ட அரும்பதவுரையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பில் இவ்விரண்டும் இடம்பெற்றன. அரும்பதவுரை முழுப் பாட்டையும் விளக்க முற்படுவதில்லை. படிப்பவர் தடுமாறக்கூடிய சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லி விலகிக்கொள்கிறது. சுட்டுக்குறிப்பின் இலக்கணமும் அதுவே. அதுபோலவே, திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி. மனிதர் செய்துகொண்ட பொருள்களின் பெயர்களுக்கெனத் தனியிடம் வகுத்த மரபு நம்முடையது. விளையாட்டுப் பொருள்களின் பட்டியல் அத்தொகுதியின் இன்றைய தொடர்ச்சி எனலாம்.

இனி, வழக்கிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டு 2011ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்தது. அதன் கணினிப் பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் உள்ளது. அம்மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களின் உழைப்பால் உருவாவது. இவ்விளையாட்டுக்கென ஆங்கிலத்தில் ஒரு பெரிய விக்கி உண்டு. அதில் ஒரு கருவியை எப்படிச் செய்வது என்று காட்டும் கட்டங்களின்மீது சுட்டியை வைத்தால், விளையாட்டுக்குள் தோன்றுவது போன்ற பெட்டியே தோன்றும். படிப்பவர் பக்கத்தை விட்டு நீங்காமலேயே பொருளை அறிந்துகொள்கிறார்.

இதன் உள்ளமைப்பு மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது, பொருள்களின் விவரங்கள் அனைத்தும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்ட தரவுப் பக்கம். இரண்டாவது, அவ்விவரத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவரும் வார்ப்புரு. மூன்றாவது, சுட்டும்போது பெட்டியை விரித்துக்காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். விக்கிப்பீடியாவும் பல விளையாட்டு விக்கிகளும் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில், முதலிரண்டையும் பொதுவாகப் பயனர்களே எழுதலாம். தளம் முழுவதற்குமான நிரலை அதற்கென உரிமை பெற்ற நிருவாகிகள் மட்டுமே மாற்ற முடியும். ஆகவே, நிரல் அறியாதவர்க்கும் இங்கே பணி உண்டு. சொல்லப்போனால், பெரும்பகுதிப் பணி அவர்களுடையதே.

இந்த அமைப்பின் முதன்மையான விதி, ஒருமுறை எழுதுக, பலமுறை காட்டுக என்பது. விளையாட்டை உருவாக்குவோர் அவ்வப்போது பொருள்களின் ஆற்றலைக் கூட்டுவர், குறைப்பர். ஒரு வாளின் விவரம் நாற்பது கட்டுரைகளில் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால் நாற்பதையும் திருத்த வேண்டும். முப்பத்தெட்டு திருந்தி இரண்டு விடுபட்டால் தளமே தன்னோடு முரண்படும். தரவுப் பக்கம் ஒன்றாயின் ஒரு திருத்தமே போதும்.

இதுவரை கூறியன எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்று நாம் உங்கள்முன் வைக்க விரும்பும் தலையாய கருத்தும் அதுவே.

ஆங்கிலத் தளங்களிற் சில, கட்டுரையில் ஒரு பொருளின் பெயர் வருமிடங்களை நிரலே தேடிக் கண்டுபிடித்துக் குறிப்பை இணைத்துவிடுமாறு அமைக்கப்படுகின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொல் தொடருக்குள் பெரிதும் உருமாறாது. அதனால் அம்முறை ஓரளவு பலிக்கிறது. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றவுடன் உருமாறும். மரம் என்பது மரத்தை, மரத்தால், மரத்தின் என்றாகும். மரம் என்று தேடும் நிரலுக்கு மரத்தை என்பது அகப்படாது. அகப்படாமை சிறு குறை. தவறாக அகப்படுவது பெருங்குறை. வாள் என்பது ஐ உருபேற்றால் வாளை. மீனவர் ஊராகிய மெர்சிங்கில் வாளை என்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை. போர்வீரன் வாளை எடுத்தான் என்னும் தொடரில் மீனுக்குரிய குறிப்பு விரிந்தால் படிப்பவர் நகைப்பார். வேல் என்பது வேலை ஆகும்போதோ இடர் மும்மடங்கு: ஆயுதம் ஒன்று, தொழில் ஒன்று, இலக்கிய வழக்கில் கடல் ஒன்று.

இதற்குத் தீர்வு எளிது. வார்ப்புருவிற்கு இரண்டு விவரங்களைத் தனித்தனியே தர வேண்டும். ஒன்று, தரவுப் பக்கத்தில் தேடுவதற்குரிய அடிச்சொல்: வாள். மற்றொன்று, தொடரில் தோன்ற வேண்டிய வடிவம்: வாளை. விக்கி இணைப்புகளில் நெடுங்கோடு இட்டு இருவடிவங்களையும் பிரித்தெழுதும் பழக்கம் முன்பே உள்ளது. அதனையே இங்கும் பின்பற்றலாம். நிரலால் தானே செய்ய இயலாத இந்தப் பகுப்பை மனிதர் செய்தாக வேண்டும். பகுதி எது, சாரியை எது, உருபு எது என்று பிரித்தறிபவரே இதனைப் பிழையின்றிச் செய்வார். பகுபத உறுப்பிலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணும் மாணவர்க்கு, அது ஒரு தளத்தை இயக்கும் அறிவு என்று காட்டுவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு அரிது.

அடுத்து, குறிப்பை எழுதும் முறை. எரிமலைக் கண்ணாடி என்று நாம் அழைக்கத்தக்க கல்லொன்று மைன்கிராஃப்டில் உண்டு. அதற்கான குறிப்பை இவ்வாறு எழுதிப் பார்க்கலாம்: நெருப்புக் குழம்பின் ஊற்றில் நீர் பட்டால் உண்டாகும் கருங்கல். வைரப் பிக்காசாலோ நெதரைட்டுப் பிக்காசாலோ வெட்டினால் மட்டுமே கைக்குக் கிட்டும். நெதர் வாயில் அமைக்கக் குறைந்தது 10 கட்டி தேவை.

மூன்று தொடர்கள். எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு பெறுவது, எதற்குப் பயன்படுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை உள்ளது. மிக அரிய பொருள், மிகவும் வலிமையானது என்பன போன்ற பொதுமொழிகள் இல்லை. அவை இடத்தை அடைக்குமேயன்றி அறிவைத் தரா. விளையாட்டுக்குள் நிறுவனத்தார் எழுதிவைத்த வருணனையை அப்படியே பெயர்த்தெழுதுவதும் முறையன்று. எண்ணும் செய்முறையும் அறிந்து கூறத்தக்க செய்திகள். சொற்றொடரோ எழுதியவரின் உடைமை. நம் தொடரை நாமே ஆக்க வேண்டும்.

மேற்கண்ட குறிப்பில் பிக்காசு என்ற சொல்லை ஆண்டோம். குந்தாலி என்று வழங்குவோரும் உளர். மலேசியத் தோட்டங்களில் மண்வெட்டியைச் சங்குல் என்று மலாய்ச் சொல்லாலேயே அழைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. விளையாடும் பேரனுக்குக் கருவியின் ஆங்கிலப் பெயர் தெரியும். அக்கருவியை வாழ்நாளில் கையில் பிடித்த பாட்டனுக்குத் தமிழ்ப் பெயர் தெரியும். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் அச்சொல் பாட்டனோடு மறையும். எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது, எவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்ப்பது என்பதை விக்கியின் உரையாடல் பக்கத்தில் காரணம் காட்டி விவாதிக்கலாம். வென்ற சொல்லும் தோற்ற சொல்லும் அங்கே பதிவாகி நிற்கும்.

படிப்பவரின் வசதியையும் எண்ண வேண்டும். கைப்பேசித் திரையில் சுட்டி இல்லை. விரலால் தொட்டால்தான் பெட்டி விரிய வேண்டும். பெட்டியில் மட்டுமே உள்ள செய்தி சிலருக்கு எட்டாமலே போகலாம். ஆதலால் இன்றியமையாத செய்தியைக் கட்டுரைக்குள்ளும் எழுதிவிட வேண்டும். 2018ஆம் ஆண்டு வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு, இத்தகைய பெட்டிகளுக்கு மூன்று நெறிகளை வகுக்கிறது: சுட்டியை நகர்த்தாமலேயே பெட்டியை மூட வழி வேண்டும்; பெட்டியின்மேல் சுட்டியைக் கொண்டுசென்றாலும் அது மறையக் கூடாது; படிப்பவர் விலகும்வரை அது நிலைத்திருக்க வேண்டும். பார்வை குன்றியோரையும் கை நடுங்குவோரையும் கருதி எழுந்த நெறிகள் இவை. தமிழுக்கென ஒன்றைச் சேர்ப்போம்: எழுத்து மிகச் சிறிதாயின் புள்ளி கண்ணுக்குப் புலப்படாது. புள்ளி மறைந்தால் கல் என்பது கல ஆகும். ஆங்கிலச் சொற்களை அளந்து வகுத்த பெட்டிக்குள் தமிழ்ச் சொற்களை நெருக்கி அடைக்காமல், அகலத்தையும் வரி இடைவெளியையும் நம் எழுத்துக்கேற்ப அமைக்க வேண்டும்.

சிலர் கேட்கலாம்: விளையாட்டுக்காக இவ்வளவு உழைப்பா? பாடநூலுக்கு இதனைச் செலவிடலாகாதா? தகுந்த வினாவே. விளையாட்டு நிலையாதது, இன்று பலர் ஆடுவது சில ஆண்டுகளில் மறக்கப்படலாம். தளமும் இடம் மாறலாம். முன்னர்க் கூறிய மைன்கிராஃப்ட் விக்கியே, தான் தங்கியிருந்த வணிக நிறுவனத்தின் தளத்தை விட்டு 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வேறிடம் பெயர்ந்தது. எழுதியவை பொது உரிமத்தில் இருந்தமையால் அவற்றை உடன் கொண்டுசெல்ல முடிந்தது. ஆகவே நாமும் திறந்த உரிமத்திலேயே எழுதுவோம். வேறொரு தளத்தின் நிரலைக் கடன்பெற்று அங்கிருந்து குறிப்பை வரவழைப்பதைவிட, குறிப்பை நம் தளத்திலேயே வைத்துக்கொள்வோம். அத்தளம் நின்றால் கடன்பெற்ற குறிப்பும் நின்றுவிடும்.

ஆயினும் விளையாட்டு மறைந்த பின்னும் எஞ்சுவது ஒன்றுண்டு. ஒரு பொருளை மூன்று தொடரில் பிழையின்றி விளக்கப் பழகிய மாணவர், நாளை ஒரு மருந்தையோ, ஒரு சட்டத்தையோ, ஓர் இயந்திர உறுப்பையோ அவ்வாறே விளக்குவார். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகிறது. அங்கும் இணைப்பின்மீது சுட்டியை வைத்தால் கட்டுரையின் தொடக்கப் பகுதி முன்னோட்டமாகத் தோன்றுகிறது. அம்முதல் தொடர் தெளிவாக இருந்தால் படிப்பவர் உள்ளே வருவார். குழப்பமாக இருந்தால் வேறுமொழிக் கட்டுரையைத் தேடிச் செல்வார். தமிழில் படிப்பதா, விட்டுச்செல்வதா என்று ஓர் இளைஞர் முடிவு செய்வது பல வேளைகளில் அந்த ஓரிரு தொடர்களைக் கண்டுதான்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, இவ்வாண்டு ஒரு வகுப்பில் இதனைச் செய்து பாருங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தாம் ஆடும் விளையாட்டிலிருந்து பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றிற்கும் அடிச்சொல், மூன்று வேற்றுமை வடிவங்கள், மூன்று தொடர்க் குறிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதட்டும். தமிழ்ப்பெயர் தெரியாத கருவிக்கு வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டு வரட்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தட்டும். கணினி அதற்குப் பிறகு வந்தால் போதும்.

மாணவர்களே, உங்கள் கையில் உள்ள வாளுக்கு நீங்களே பெயரிடுங்கள். வாளை மீனோடு அது கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.