பழைய வீட்டு வேனுக்குப் பெரிய எஞ்சின் வேண்டுமா?



பால் வெட்டும் கத்தி மழுங்கிவிட்டால் முதலில் என்ன செய்கிறோம்? தீட்டிப் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் புதுக் கத்தியைப் பற்றி யோசிக்கிறோம். ஆனால் பழைய வாகனம் என்று வந்துவிட்டால் இந்த நிதானம் நமக்கு இருப்பதில்லை. "வண்டி இழுக்கவில்லை, பெரிய எஞ்சினாகப் போட்டுவிடலாம்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அது சரிதானா என்பதை இன்று பார்ப்போம்.

இதற்கு எடுத்துக்காட்டாக வோக்ஸ்வேகன் கொம்பி வேனை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி தொடங்கியது. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி வைத்து வீட்டு வேனாக மாற்றப்பட்டவை பல. நம் நாட்டிலும் பழைய கொம்பிகளை இன்றும் பார்க்கலாம். ஒரு குடும்பம் சேமித்த பணத்தில் அத்தகைய வேன் ஒன்றை வாங்கலாம். அல்லது பட்டறையில் வேலை பழகும் உங்கள் பிள்ளையின் கைக்கு அது பழுது பார்க்க வரலாம்.

1970ஆம் ஆண்டு வாக்கில் வந்த 1,600 சி.சி. எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். இது வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது. இதற்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு காற்றாடி வீசும் காற்றும், உள்ளே ஓடும் எண்ணெயும்தான் சூட்டைத் தணிக்கின்றன. ஆகவே, காற்றும் எண்ணெயுமே இந்த எஞ்சினின் உயிர்.

அந்தக் காற்றாடியைச் சுழற்றுவது ஒரே ஒரு பெல்ட். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. ஓடும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், "பேட்டரிக் கோளாறுதானே, வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்திப் பாருங்கள். அறுந்த பெல்ட்டோடு சில மைல் ஓட்டினாலே எஞ்சின் வெந்துவிடும். மாற்றுப் பெல்ட் ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

எஞ்சினைச் சுற்றித் தகரத் தட்டுகளும் ரப்பர் பட்டையும் இருக்கும். கீழேயுள்ள சூடான காற்று மேலே வந்து காற்றாடிக்குள் புகாமல் தடுப்பவை அவைதாம். பழுது பார்க்கும்போது, உதவாத தகரம் என்று அவற்றைக் கழற்றி வீசிவிடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் தன் சூட்டையே திரும்பச் சுவாசிக்கும்.

அடுத்தது எண்ணெய். இந்த எஞ்சின் கொள்வது இரண்டரை லிட்டர்தான். கொஞ்சம் குறைந்தாலும் சூடு ஏறும். ஆகவே, அடிக்கடி அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றி, அடியிலுள்ள வலைச் சல்லடையையும் கழுவ வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்குச் சரி செய்ய வேண்டும். இடைவெளி குறைந்துவிட்டால் வால்வு முழுதாக மூடாது. சூடு வெளியேற வழியின்றி வால்வு கருகிவிடும். "டிக் டிக்" என்று இலேசாகச் சத்தம் கேட்பது கெடுதல் அன்று. சத்தமே கேட்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெட்ரோல் குழாயை மறந்துவிடாதீர்கள். சூட்டிலே ரப்பர் இறுகி வெடிக்கும். சொட்டும் பெட்ரோல் எஞ்சின்மேல் விழும். பிள்ளைகள் படுத்துறங்கும் வண்டி இது! ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை குழாயை மாற்றிவிடுங்கள். அதற்காகும் செலவு சிறிது. தீயணைப்புக் கருவி ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது, பெரிய கியரிலேயே முக்கி முனகி ஓட்டாதீர்கள். கியரைக் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும். காற்றாடியும் வேகமாக வீசும்.

அப்படியானால் மேம்படுத்தவே கூடாதா? மேம்படுத்தலாம். ஆனால் வரிசை முக்கியம். இந்த எஞ்சினில் வலைச் சல்லடை உண்டே தவிர, நுண்ணிய தூசியைப் பிடிக்கும் எண்ணெய் வடிகட்டி கிடையாது. அதைப் பொருத்துவது முதல் நன்மை. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் அளவுமானி இரண்டாவது. தேயும் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பு மூன்றாவது. இவற்றால் எஞ்சினுக்கு ஆயுள் கூடுமே தவிர, சூடு கூடாது.

பெரிய சிலிண்டரோ சூட்டைக் கூட்டும். அதே காற்றாடி அதையும் தணிக்க வேண்டும். தகரமும் பெல்ட்டும் சரியில்லாத வண்டியில் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு செய்து பெரிய எஞ்சின் போட்டால், பழைய எஞ்சினைக் கொன்ற சூடு புதியதையும் கொன்றுவிடும். மேலும், எஞ்சினையே மாற்றுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் குளிர்ச்சி, அடுத்துப் பாதுகாப்பு, கடைசியில்தான் வேகம். இந்த வரிசையில் செலவு செய்தால் சேமித்த பணம் வீண்போகாது. வண்டியும் உங்களை வழியில் விட்டுவிடாது.