வேதாளம் திறக்கும் வாயில்



மாயக்கதை என்னும் இலக்கிய வகைக்குள் புதிதாக நுழைவோர் எங்கிருந்து தொடங்கலாம் என்பது எனக்குத் தரப்பெற்ற வினா. குழந்தைகளுக்கான கதைகளிலிருந்தே தொடங்குக என்பேன். வளர்ந்தோர்க்கும் இதுவே விடை. மாயம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நல்ல மாயக்கதை விதிகளால் நிற்பது. அவ்விதிகளை ஒளிக்காமல் முன்வைப்பது குழந்தைக் கதையே.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'வை நினைவுகூர்வோம். 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் 25 உள்ளன. அந்த அமைப்பைக் கொண்டே அவ்விதழ் பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதைகளைக் கூறிற்று. விடை தெரிந்தும் மௌனம் காத்தால் விக்கிரமனின் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். இவற்றுள் ஒன்றைத் தளர்த்தினாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். எவரும் கற்பிக்காமலே இதனை 8 வயதுக் குழந்தை உணர்ந்துகொள்கிறது.

இப்பாடம் பெற்றவர்க்கு நம் மலையின் பழங்கதையும் வசப்படும். புயலாலும் மழையாலும் இடியாலும் நிலநடுக்கத்தாலும் எழில் சிதையாத பாவையைக் கொல்லிமலையில் காட்டுகிறது நற்றிணை. அழியாமை அப்பாவையின் விதி. அடுத்துப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைக்குச் செல்லலாம். தம்மிடம் வரம் கொடுக்கும் வித்தை கூடாது என்று பிள்ளையவர்கள் கடவுளுக்கே நிபந்தனை விதிக்கிறார். வேதாளத்தை அறிந்தவர் அந்நகைச்சுவையின் ஆழத்தை அறிவார்.

மாயக்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று சொல்லி, அந்நூல்களைக் குழந்தைகளின் கையிலிருந்து பறிப்போர் உளர். பேய் உண்டென்று நம்பச் செய்வது வேறு. பேய் உண்டென்று வைத்துக்கொண்டு சிந்திக்கச் செய்வது வேறு. வேதாளம் அரசனிடம் கேட்பது வழிபாட்டை அன்று. யார் செய்தது நீதி என்னும் தீர்ப்பையே கேட்கிறது. ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லப் பழகிய பிள்ளையை எந்த மந்திரவாதியும் எளிதில் ஏமாற்ற இயலாது.

அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பாடநூல்கள் இம்மலைக்குத் தாமே வந்து சேர்கின்றன. கதைநூல்களை யாரேனும் சுமந்து வரவேண்டும். பழைய இதழ்களைத் தேடித் திரட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி வைப்போம். நம் பாட்டிமார் சொல்லும் பாவைக் கதைகளையும் எழுதி அதில் சேர்ப்போம். மன்றத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக இதனை ஏற்குமாறு வேண்டி அமைகிறேன்.