தைப்பேயில் ஒரு சிற்றுண்டிச்சாலை

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள், விடியற்காலையில் டிரெட்டா பஜார்ப் பக்கம் போனதுண்டானால், அங்கே சீன வமிசத்தார் ஆவி பறக்க வைத்து விற்கும் வெள்ளை ரொட்டியைப் பார்த்திருப்பார்கள். இட்டிலிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம் போன்ற தோற்றம். நெருப்பின் கருக்குப் படாத முகம். ஆனால் அரிசியும் உளுந்தும் அதில் இல்லை. புளிக்க வைத்த கோதுமை மாவு அது. அந்த ரொட்டியை அதன் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வாய்ப்பு சென்ற தை மாதத்தில் நமக்குக் கிடைத்தது. தைவான் தீவின் தலைநகரமாகிய தைப்பேயில் சில நாட்கள் தங்கியிருந்தோம்.

நமக்கு வழிகாட்டியாக வந்தவர் தஞ்சை மாவட்டத்து இளைஞர் ஒருவர். சிஞ்சூ நகரத்துச் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்து வருகிறார். சுத்த சைவம். தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தின் அருகில் கொங்குவான் என்றொரு பகுதி உண்டு. மாணவர் கூட்டம் நிறைந்த இடம். அங்கே ஒரு சந்துக்குள் அழைத்துச் சென்றார். ஆறு மேஜைகள், முதுகுசாயாத முக்காலிகள், வாயிலில் ஆளுயரம் அடுக்கிய மூங்கில் தட்டுகள். அவ்வளவுதான் கடை. பரிமாறுவோர் வந்து நிற்பதில்லை. மேஜைமேல் அச்சிட்ட சீட்டும் பென்சிலும் இருக்கின்றன. வேண்டியதற்கு நேரே குறியிட்டுக் கொடுத்துவிட வேண்டும். உண்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும்; இனாம் கொடுக்கும் வழக்கமில்லை.

சீட்டில் இருந்தவை மூன்று வகை ரொட்டிகள். உள்ளே ஒன்றும் வைக்காதது மாந்தோ. பூரணம் வைத்து மூடியது பாவ்சு. மூன்றாவதுதான் அந்தத் தீவுக்கே உரியதாகச் சொல்லிக்கொள்ளும் குவாபாவ். நீள்வட்டமாகத் தட்டிய மாவை இரண்டாக மடித்து ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகு அதன் வாயைத் திறந்து, சோயாச் சாற்றில் நெடுநேரம் வெந்த பன்றியிறைச்சித் துண்டு, நறுக்கிய கடுகுக்கீரை ஊறுகாய், சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடி, பச்சைக் கொத்துமல்லி ஆகியவற்றை வைக்கிறார்கள். கொழுப்பு மிகுந்த துண்டா, கொழுப்பில்லாததா, பாதிக்குப் பாதியா என்று கேட்பதும் உண்டு. வேர்க்கடலையும் சர்க்கரையும் இறைச்சியோடு சேருமா என்று தயங்கித்தான் கடித்தோம். இனிப்பும் புளிப்பும் உப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கொத்துமல்லி வாசம். அந்த வாசத்தைக் கண்டவுடன் அது அந்நிய நாட்டுப் பண்டம் என்ற எண்ணம் பாதி போய்விட்டது.

நண்பருக்கு இறைச்சியில்லாத குவாபாவ் வந்தது. தைவானில் சைவ உணவுக்குப் பஞ்சமில்லை. பௌத்த நெறியை ஒட்டி வெங்காயம், பூண்டு முதலியவற்றையும் விலக்குவோர் அங்கே பலர். அடைத்து விற்கும் தின்பண்டங்களில் எந்த வகைச் சைவம் என்று அச்சிட்டும் இருக்கும்.

குவாபாவுடன் 'நான்கு தெய்வச் சாறு' என்ற ஒன்றைக் குடிப்பது வழக்கம். பெயரைக் கேட்டுப் பக்தியோடு கிண்ணத்தைப் பார்த்தால் அதில் மிதந்தது பன்றிக்குடல். அந்த நான்கில் ஒன்று தாமரை விதை. மற்றொன்று பீகாரில் வாழும் நம்மவர் 'மகானா' என்று நன்கு அறிந்திருக்கும் அதே விதை.

நாம் போனது வெய்யா விருந்துக் காலம். சந்திர ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 16ஆம் நாள், முதலாளிகள் தம் பணியாளருக்கு விருந்திடுவார்கள். குவாபாவ் அன்றைக்கு முக்கியமான பண்டம். நிறைந்த பணப்பையின் வடிவம் அல்லவா? முற்காலத்தில் அவ்விருந்தில் முழுக்கோழியின் தலை எவரை நோக்கி வைக்கப்பட்டதோ அவருக்கு வேலை போயிற்று என்று பொருளாம். வாயால் சொல்லக் கூசியதைக் கோழியை விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்!

கடையை நடத்துபவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். நண்பர் அவரை 'ஆயி' என்று அழைத்தார். சீனத்தில் அது சித்தி என்பது போன்ற சொல்லாம். நம் காதில் தாயென்றே விழுந்தது. கூட்டம் குறைந்ததும் அவர் நம் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். நண்பர் மொழிபெயர்த்தார்.

குவாபாவ் அவருடைய தாய்வழிச் சொத்து. தாயின் முன்னோர் பல தலைமுறைக்கு முன் ஃபூச்சியான் கரையிலிருந்து வந்தவர்கள். மாந்தோ தந்தை கொண்டுவந்தது. தந்தை வடசீனத்துச் சாந்தோங் மாகாணத்தவர். 1949இல் தோற்ற படையோடு கடல் கடந்த பல இலட்சம் பேரில் ஒருவர். ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றே எல்லாரும் நம்பினார்களாம். அரிசி விளையும் தீவில் கோதுமை உண்டு வளர்ந்தவர் என்ன செய்வது? 1951 முதல் 1965 வரை அமெரிக்க உதவியாகக் கோதுமை வந்து இறங்கியது. மாவு வந்த பருத்திச் சாக்கையும் வீணாக்கவில்லை. கைகுலுக்கும் இரண்டு கைகளை அச்சிட்ட அந்தத் துணியில் தம் அண்ணனுக்குக் கால்சட்டை தைத்ததைச் சொல்லி அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். படையிலிருந்து விலகிய தந்தை, சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, விடியற்காலையில் 'மாந்தோ' என்று கூவி விற்றார்.

தந்தையின் மாந்தோவில் சர்க்கரை கிடையாது. மாவும் நீரும் புளித்த மாவும்தான். கெட்டியாக, நெடுநேரம் மென்றால் மட்டும் சுவை தருவது. தீவு மக்களுக்கு அது ஒத்துவரவில்லை. மகள் கடையை ஏற்றதும் சர்க்கரை சேர்த்து மெத்தென்று செய்தார், வியாபாரம் பெருகியது. தந்தை அதைத் தொடவில்லை. தமக்கென்று தனித் தட்டு வைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் ஒரே அடுப்பின்மேல் இரு தட்டுகள்.

1987இல் அரசாங்கம், பெருநிலத்தில் உள்ள உறவினரைக் கண்டுவர அனுமதித்தது. மறு ஆண்டு தந்தை புறப்பட்டார். தாயார் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அது அவருக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரத்தில் திரும்பினார். மறுநாள் காலையில் மகளின் தட்டிலிருந்து இனிப்பு மாந்தோ ஒன்றை எடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தின்றாராம். ஏன் என்று கேட்க அம்மையாருக்குத் துணிவு வரவில்லை.

"அந்தத் தனித் தட்டு?" என்றோம்.

இன்றும் இருக்கிறது. தந்தையின் பழைய தோழர்கள் வாங்கி வந்தார்கள். இப்போது இருவர்தாம் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்காக நாள்தோறும் ஆறு மாந்தோ. அதில் இரண்டை நாம் விலைக்குக் கேட்டதும், "தெரிந்துதான் கேட்கிறீர்களா?" என்று இருமுறை விசாரித்துவிட்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சிஞ்சூவுக்குச் செல்லும் இரயிலில் அதை மென்றோம். ஊர் போய்ச் சேரும்வரை வந்தது.

மறுநாள் நண்பர் விடுதியில் இட்டிலி. குளிரில் மாவு பொங்க மறுப்பதால் இரவெல்லாம் தம் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டுத் தாம் நடுங்கியிருக்கிறார். வேகவைத்தது தாதுங் மின்சார அடுப்பில். 1960 முதல் தைவான் வீடுகளில் புழங்கி வரும் பாத்திரம் அது; வெளிச்சட்டியில் நீரூற்றினால் ஆவி எழும்; மாந்தோவைச் சூடாக்கவும் அதுவே. உடன் தங்கியிருந்த தைவான் மாணவர் இருவர் தட்டோடு வந்து அமர்ந்தனர். ஒருவர் சட்டினியைத் தள்ளிவைத்தார். அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடியை இட்டிலியின் தலையில் தாராளமாகக் கொட்டிக்கொண்டார்.

நண்பர் நம்மைப் பார்த்தார். "அம்மா பார்த்தால் என்ன சொல்வார்கள்!" என்றார். புட்டி மேஜையைச் சுற்றி நம்மிடம் வந்தது. நாமும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டோம்.