முரண் அறுக்கும் ஏரணம்



கிருட்டிணகிரிக்கும் ஓசூர்க்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் அமைந்த குந்தாரப்பள்ளி, ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. அத்தகைய சந்தை ஒன்றின் நுழைவுக் கட்டணத்தைக் கணக்கிட மென்பொருள் ஆக்கப்படுவதாகக் கொள்க. எழுதித் தரப்பட்ட நெறிகள் இரண்டு: உள்ளே வரும் ஒவ்வோர் ஆட்டிற்கும் கட்டணம் உண்டு, விலைபோகாத ஆட்டிற்குக் கட்டணம் இல்லை. தனித்தனியே நோக்கின் இரண்டும் செவ்வியனவே. ஆயின், விலைபோகாது மாலையில் திரும்பும் ஆட்டிற்கு எந்நெறி? இது மாறுகொளக் கூறல். தாயோடு வரும் பால்குடிக் குட்டியும் ஆடென எண்ணப்படுமா? சொல்லப்படவில்லை. அது குன்றக் கூறல்.

இவை இற்றைப் பொறியியலார் புதிதாய்க் கண்ட குற்றங்கள் அல்ல. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் இவற்றைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் வைத்து எண்ணின.

முரண் சிறிதென்று விடலாகாது. "கட்டணம் உண்டு" என்பது மெய்யாயின், "கட்டணம் உண்டு, அல்லது ஓசூர் கடற்கரையூர்" என்பதும் மெய்யே. இரண்டில் ஒன்று மெய்யானால் போதும். இனி, "கட்டணம் இல்லை" என்பதும் மெய்யெனின், எஞ்சுவது ஓசூர் கடற்கரையூர் என்பதே! ஒரு முரணை ஒப்பினால் எப்பொய்யையும் நிறுவிவிடலாம். முரணை ஓரிடத்தே அடைத்துவைத்து மேற்செல்லும் ஏரணமும் உண்டு. பிரேசில் அறிஞர் நியூட்டன் டா கோசுட்டா 1963இல் அதற்கு வழிகண்டார். அது முரண் தீருமட்டும் ஊன்றுகோல், தீர்வு அன்று.

குன்றக் கூறலின் கேட்டிற்கு 1996 சூன் 4 சான்று. ஏரியன் 4 ஏவூர்திக்கு எழுதிய மென்பொருட் பகுதியை ஏரியன் 5இல் அவ்வாறே வைத்தனர். புதிய ஊர்தியின் பறப்புப் பாதை அக்கருவியின் தேவைப் பட்டியலில் இடம்பெறவில்லை. கிடைவிரைவு பற்றிய எண், தனக்கு ஒதுக்கிய கொள்ளளவை மீறியது. ஏறத்தாழ 40 நொடிகளில் ஊர்தி சிதறியது.

செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு நெறியையும் "இன்னது ஆயின் இன்னது" என எழுதுக. இரு நெறி மோதும் இடத்தையும், எந்நெறியும் தொடாத இடத்தையும் தேடுக. எது வெல்லும் என்பதை நிரல் எழுதுவோர் தாமே முடிவு செய்யற்க. சந்தைக்கு உரியாரைக் கேட்க. அவர்க்கு விளங்காத ஆங்கிலத்தில் பட்டியல் இருப்பின் எங்ஙனம் கேட்பது? ஆடு ஓட்டி வருபவர்க்குத் தமிழில் படித்துக் காட்டினால், முதற் பிழையை அவரே சுட்டுவார் அன்றோ?

ஓசூர்த் தொழிற்கூடங்கட்கும் இது பொருந்தும். தேவையைத் தமிழில் எழுதுக. ஏரணத்தில் உரைத்துப் பார்க்க. அதன் பின்னரே பொறியிடம் தருக!