விறகு சும்மா கிடைக்கவில்லை!

(ஆரணியில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

   

உர விலை, நெல் விலை, மல்லாட்டை விலை எல்லாம் நாம் எப்போதும் பேசுவதுதான். இன்றைக்கு அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அடுப்பு பொம்பளைங்க சமாச்சாரமாச்சே, சங்கத்துக்கு அதுல என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்கள். உழுகிறவனுக்குக் கஞ்சி அந்த அடுப்பில்தானே வேகுது? நாற்று நட்டுக் களை பறிக்கிற கைதானே அந்த அடுப்பையும் ஊதுது? அப்படியானால் அடுப்பும் சங்கத்துச் சமாச்சாரம்தான்.

முதலில் கேஸ் விலையைப் பார்ப்போம். 2020 நவம்பரில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 610 ரூபாய். 2023 மார்ச்சில் அதே சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. இரண்டரை வருசத்துக்குள் 500 ரூபாய்க்கு மேல் ஏற்றினார்கள். 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள். பாராளுமன்றத் தேர்தல் நெருங்கி வந்த 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைத்தார்கள். தேர்தல் முடிந்தது, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. நம்ம நெல்லுக்கு இப்படி விலை ஏறினது உண்டா?

மானியம் என்ன ஆச்சு? 2020 மே மாதத்திலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் நின்று போனது. பேங்கில் பெயருக்கு இருபத்துச் சொச்சம் ரூபாய் விழுந்த வீடு உண்டு. அதுவும் விழாத வீடு உண்டு. 2016 மே 1-ந் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கேஸ் வாங்கியவர்களுக்கு மட்டும் 2022-ல் 200 ரூபாய், 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே கேஸ் இணைப்பு இருந்தால் உஜ்வலா கிடையாது. நம்ம தமிழ்நாட்டில் 2006-ல் வந்த மாநில அரசு ஏழை வீடுகளுக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. அப்போது வாங்கிய கூலிக்காரர், குறு விவசாயி, நெசவாளி எல்லாம் உஜ்வலா கணக்கில் வரமாட்டார்கள். முன்னாடியே கேஸ் வாங்கினது ஒரு குற்றமா? அதே தெருவில், அதே வருமானத்தில் இரண்டு குடும்பம். ஒரு வீட்டுக்கு 300 ரூபாய், இன்னொரு வீட்டுக்கு நாமம். இது என்ன நியாயம்?

உஜ்வலா வீட்டிலாவது அடுப்பு எரியுதா? அரசு பாராளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படியே, 2022-23-ல் உஜ்வலா குடும்பம் ஒன்று வருசத்துக்கு சராசரியாக வாங்கியது நாலு சிலிண்டர்கூட இல்லை. ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழெட்டாவது வேண்டும். மீதி நாளெல்லாம் அந்த வீட்டில் சோறு எதில் வெந்தது? விறகில்தான்.

இனி விறகுக்கு வருவோம். "விறகு சும்மா கிடைக்குது, காசா பணமா" என்று நாமே சொல்கிறோம். அது சரிதானா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாங்க.

ஒரு கிலோ காய்ந்த விறகில் இருக்கிற சூட்டைப் போல மூன்று மடங்கு சூடு ஒரு கிலோ கேஸில் இருக்கிறது. அது மட்டும் இல்லை. மூன்று கல் அடுப்பில் விறகு எரிந்தால், அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் சட்டியில் ஏறும். மீதி காற்றோடும் புகையோடும் போய்விடும். கேஸ் அடுப்பில் பத்தில் ஆறு பங்கு சட்டிக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய 200 கிலோவுக்குக் குறையாமல் விறகு வேண்டும். ஈர விறகானால் இன்னும் கூட.

தலைச்சுமை ஒன்றுக்கு 20 கிலோ என்று வையுங்கள். 200 கிலோவுக்குப் பத்துச் சுமை. போய், வெட்டி, கட்டி, சுமந்து வர ஒரு சுமைக்கு அரை நாள் என்று வைத்தால் ஐந்து நாள் வேலை. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். ஐந்து நாளைக்கு 1,680 ரூபாய்! 868 ரூபாய் சிலிண்டரை மிச்சம் பிடிக்க 1,680 ரூபாய் உழைப்பு. அந்த உழைப்பைக் கொடுத்தது யார்? நம்ம வீட்டுப் பெண்கள். கூலி யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அரசு வெட்டிய மானியத்தை நம்ம தாய்மார்கள் தலையில் சுமந்து கட்டுகிறார்கள். இதுதான் உண்மை.

புகையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நெஞ்சுச் சளி, மூச்சுத் திணறல், கண் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற செலவு எந்தக் கணக்கில் வரும்?

"அந்தக் காலத்தில் எல்லாரும் விறகில்தானே ஆக்கினாங்க?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆமாம், ஆக்கினார்கள். அப்போது தோப்பு இருந்தது, புறம்போக்கு இருந்தது, ஏரிக்கரையில் மரம் இருந்தது. நெல்லை ஊரிலேயே அரைத்தோம், உமி வீட்டுக்கு வந்தது, உமி அடுப்பு எரிந்தது. இப்போது நெல் மூட்டையோடு உமியும் போகிறது. நூறு கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அது ஆரணி ரைஸ் மில் பாய்லரில் எரிந்து நெல்லை அவிக்கிறது. மில் ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம்ம அடுப்புக்கு இருந்த எரிபொருள் ஒவ்வொன்றாகக் கை மாறிப் போச்சு என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏரி மரமும் அப்படித்தான். 1981-ல் தொடங்கிய சமூகக் காடு திட்டத்தில் ஏரிகளில் கருவேலம் நட்டார்கள். ஊருக்கு விறகு கிடைக்கும் என்றுதான் அன்று சொன்னார்கள். மரம் முற்றியதும் ஏலம் வந்தது, குத்தகைக்காரர் வந்தார், லாரி வந்தது. சுள்ளி பொறுக்கப் போன நம்ம பெண்கள் திருடிகள் ஆனார்கள்! மிஞ்சியது வேலிகாத்தான். அந்த முள்ளை வெட்டித்தான் கையெல்லாம் கிழிகிறது.

தறிக்காரர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கச்சாப் பட்டில் இருக்கிற பசையைப் போக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். சாயம் ஏற்றவும் கொதி வேண்டும். சாயப்பட்டறை அடுப்பு விறகில் எரிகிறது. விறகு விலை ஏறினால் சாயக் கூலி ஏறும். உங்கள் நெசவுக் கூலி அதோடு சேர்ந்து ஏறுமா? சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கமெல்லாம் ஒரே வீட்டில் தறியும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடி.

"அரசிடம் பணம் இல்லை" என்பார்கள். கேஸ் விற்ற நஷ்டம் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் மேலும் 30,000 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. அவையும் அரசுக் கம்பெனிகள்தான், மூட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் கம்பெனி நஷ்டத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, குடியானவன் வீட்டு நஷ்டத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா? 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்றது, அ.தி.மு.க. வருசத்துக்கு 6 சிலிண்டர் இலவசம் என்றது. அச்சடித்த வாக்குறுதியைக் கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

நம்ம கோரிக்கைகள் இவை:

1. உஜ்வலா, உஜ்வலா இல்லாதவர் என்று பிரிக்காமல், குறு சிறு விவசாயிகள், விவசாயக் கூலிகள், நெசவாளர்கள் எல்லோருக்கும் 300 ரூபாய் மானியம் கொடு!

2. முழுப் பணம் கட்டு, பிறகு பேங்கில் விழும் என்று அலைய விடாதே! வாங்கும்போதே கழித்துக் கொடு!

3. கிராமத்து வீட்டு வாசலுக்கு சிலிண்டர் வர வேண்டும். பில்லில் இருப்பதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது!

4. ஏரி மரம் ஏலம் விடும்போது கிளை, சுள்ளி, வேர்க்கட்டை ஊர்ப் பெண்களுக்கே என்று ஏல நிபந்தனையில் எழுது! வேலிகாத்தான் அகற்றும் வேலையில் வரும் விறகையும் மகளிர் குழுக்களுக்குக் கொடு!

5. சாண எரிவாயுவுக்கு 1981-82-லேயே மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. இரண்டு மூன்று மாடு இருந்தால் தினம் 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். சின்னக் குடும்பம் ஒருவாறு சமாளிக்கலாம், சாணக் கரைசல் நிலத்துக்கு எருவாகும். கேட்கிற விவசாயிக்கெல்லாம் கலன் கட்டிக் கொடு. பழுது பார்க்க ஒன்றியத்துக்கு ஒரு ஆள் போடு!

கோரிக்கை ஜெயிக்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. விறகை வெயிலில் நன்றாகக் காய வைத்து எரியுங்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டுங்கள். ஆண்களுக்கு ஒன்று சொல்கிறோம்: விறகுச் சுமையில் பாதியை நீங்கள் சுமங்கள். சுமந்து பார்த்தால்தான் விறகு சும்மா கிடைக்கவில்லை என்று தெரியும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பெண்களாவது வர வேண்டும். கேஸ் புத்தகத்தையும் பேங்க் பாஸ்புக்கையும் கையில் எடுத்து வாருங்கள். எந்த மாதம் எவ்வளவு கட்டினோம், எவ்வளவு திரும்பி விழுந்தது என்று அதிகாரிகள் முன்னால் விரித்துக் காட்டுவோம். கணக்கை நாம் கேட்போம், பதிலை அவர்கள் சொல்லட்டும்!